முழம் சாணான கதை

1971 நவம்பர் கடைசி வாரம். மேற்கு எல்லையில் ஒரு கரும்புக் காட்டுக்குள் எங்கள் பட்டாலியன் பதுங்கியிருந்தது. எனக்கு இருபது வயது. செகந்திராபாத் இ.எம்.இ. சென்டரில் ஆர்மரர் பயிற்சி முடித்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. துப்பாக்கிகளைச் சரிபார்ப்பதும் பழுது நீக்குவதும் ஆர்மரர் வேலை. அன்று மாலை வந்த உத்தரவு வேறு: எல்லா பயனெட்டுக்கும் சாணை பிடிக்க வேண்டும்.

அமைதிக் காலத்தில் பயனெட்டைக் கூராக வைத்திருப்பதில்லை. அணிவகுப்பில் பக்கத்து ஆளின் காதை அறுத்துவிடும். அதனால் அந்த உத்தரவு வந்தால் சண்டை உறுதி என்று ஜவான்களுக்குத் தெரியும். வரிசையில் நின்றவர்கள் யாரும் பேசவில்லை. கையால் சுற்றும் சாணைக்கல், பக்கத்தில் ஒரு டப்பாவில் தண்ணீர். நாலு இழுப்புக்கு ஒருமுறை கத்தியைத் தண்ணீரில் முக்க வேண்டும். சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் அது தகரத்துக்குச் சமம்.

வரிசையில் நின்ற திருநெல்வேலிப் பையன் ஒருவன் தன் பயனெட்டை நீட்டிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, இது ஒரு சாண் கூட இல்லையே. பழைய த்ரீ நாட் த்ரீல மாட்டுறது முழ நீளம் இருக்குமாம்லா. அத எதுக்குண்ணே குறைச்சானுவ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "வாங்கிட்டுப் போப்பா" என்று மட்டும் சொன்னேன். இருபத்துநாலு வருஷ சர்வீஸிலும் அதற்குப் பிறகும் நான் சேர்த்த பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவன் கேட்டது சரியான அளவு. முழம் என்பது பதினெட்டு அங்குலம். பழைய .303 துப்பாக்கியின் பயனெட்டில் கத்தி மட்டும் பதினேழு. சாண் என்பது ஒன்பது, எங்கள் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் பயனெட் எட்டு.

பயனெட் என்ற பெயர் பிரான்சின் பயோன் ஊரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இந்தியில் சங்கீன். பிறந்த காலத்தில் அது துப்பாக்கிக் குழாய்க்குள் அடைப்பான் போலச் செருகும் கத்தியாக இருந்தது. கத்தியைச் செருகினால் சுட முடியாது. சுட்டால் குத்த முடியாது. 1689 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி கணவாயில் மலைநாட்டுக்காரர்கள் வாளோடு ஓடி இறங்கியபோது, ஜெனரல் மெக்கேயின் சிப்பாய்கள் ஒரு சுற்றுச் சுட்டுவிட்டுக் கத்தியைச் செருகத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். சில நிமிடங்களில் படை சிதறியது. அந்தத் தோல்விக்குப் பிறகு, குழாயை அடைக்காமல் வெளியே வளையமாக மாட்டும் முறைக்கு மெக்கே மாறினார். பிரெஞ்சுப் படை 1703இல் குழாயைச் சுற்றி மாட்டும் முக்கோணப் பயனெட்டை ஏற்றது. அதன் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியச் சிப்பாயின் கையில் இருந்தது ஒரே ஆயுதம்: சுடவும் செய்யும் ஈட்டி. குதிரைப்படை பாய்ந்து வரும்போது காலாட்கள் சதுரமாக நின்று, நாலு பக்கமும் அந்த ஈட்டிகளை நீட்டுவார்கள். முள்வேலி போல நிற்கும் கூர்முனைகளுக்குள் குதிரை நுழையாது. ஈட்டி என்றால் நீளம் வேண்டும். நீளத்தின் மேல் ராணுவங்களுக்கு வந்த மோகம் அங்கே தொடங்கியது.

குதிரை போன பிறகும் அந்த மோகம் போகவில்லை. பையன் சொன்ன அந்த .303, அதாவது லீ என்ஃபீல்டு துப்பாக்கிதான் இதற்குச் சாட்சி. அதைக் கழற்றிப் பூட்டித்தான் நான் தொழில் கற்றேன். அதனால் அதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும்.

பழைய நீண்ட லீ என்ஃபீல்டின் நீளம் 49½ அங்குலம். அதன் பயனெட் கத்தி 12 அங்குலம். தென்னாப்பிரிக்கப் போருக்குப் பிறகு, காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று பிரிட்டிஷார் தீர்மானித்து, அதை 44½ அங்குலத்துக்குக் குறைத்தார்கள். 1903 மாதிரிப் பயனெட்டும் 12 அங்குலக் கத்திதான். உடனே கவலை பிடித்துக்கொண்டது. ஜெர்மானியரின் மவுசர் துப்பாக்கி ஒன்றேகால் மீட்டர், பிரெஞ்சுக்காரரின் லெபெல் அதைவிடவும் நீளம். நேருக்கு நேர் நின்றால் நம் ஆள் எட்டுவதற்குள் எதிரி குத்திவிடுவானே என்ற கவலை. அதே சமயத்தில் 1904-05இல் ரஷ்யாவோடு ஜப்பான் போரிட்டது. பயனெட் பூட்டி அலை அலையாய்ப் பாய்ந்த ஜப்பானியரைப் பிரிட்டிஷ் பார்வையாளர்கள் நேரில் கண்டார்கள். இந்திய ராணுவத்தின் சார்பில் போய் ஜப்பானியப் படையோடு இருந்த சர் இயான் ஹாமில்டன் அவர்களில் ஒருவர். ஜப்பானியரின் 30ஆம் வகைப் பயனெட்டில் கத்தி மட்டும் 40 சென்டிமீட்டர். அதை முன்மாதிரியாக வைத்து 1907 மாதிரி பிறந்தது. கத்தி 17 அங்குலம்.

கணக்கைப் பாருங்கள். துப்பாக்கியில் ஐந்து அங்குலம் குறைந்தது, கத்தியில் ஐந்து அங்குலம் கூடியது. மொத்த நீளம் பழையபடியே 61½. இந்தக் கழித்தல் கூட்டலை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய போரின் பயம் அங்குலக் கணக்கில் எஃகில் ஏறியிருந்தது.

அந்த 1907 மாதிரியைக் கையில் எடுத்தவர்களுக்கு அது அழகான வேலை என்பது தெரியும். லண்டன் வில்கின்சன் கம்பெனி செய்தவை நிறைய; பின்னாளில் சவர பிளேடில் நாம் பார்த்த அதே பெயர். கத்தியின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். ரத்தம் வழிந்தோடவே அந்தப் பள்ளம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், ராணுவத்திலும் பலர் நம்புகிறார்கள். அது உண்மை இல்லை. தண்டவாளத்தின் நடுப்பகுதியைக் குறுக்கி, மேலும் கீழும் அகலமாக விடுகிறார்களே, அதே காரணம்தான். பள்ளம் எடுத்தால் எடை குறையும்; விறைப்போ அவ்வளவாகக் குறையாது. பதினேழு அங்குலக் கத்தியைத் துப்பாக்கி நுனியில் தூக்கி நிற்கும் சிப்பாயின் மணிக்கட்டுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு.

பூட்டும் விதத்திலும் யோசனை இருந்தது. 1907 மாதிரி, குழாயைத் தொடாது. துப்பாக்கி மூக்கின் இரும்புத் தொப்பியில் ஒரு குமிழும் ஒரு கட்டையும் இருக்கும். கத்தியின் வளையம் குமிழில் ஏறும், பிடியின் பின்பக்கக் காடி கட்டையில் வழுக்கிப் போய் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கத்தியின் பாரம் குழாயில் நேரடியாக ஏறாது. ரஷ்யர்கள் இதற்கு நேர்மாறு. அவர்களுடைய மோசின் துப்பாக்கியில் பயனெட் எப்போதும் பூட்டியே இருக்கும், உறையே கிடையாது. குறிபார்க்கும் அளவுகளையும் பயனெட் பூட்டியபடிதான் சரிசெய்திருப்பார்கள். கழற்றினால் குண்டு வேறிடத்தில் விழும். ஆர்மரர் என்ற முறையில் எனக்கு இது வியப்பான விஷயம். ஒரு நாட்டின் ராணுவம் கத்தியைத் துப்பாக்கியின் உறுப்பாகவே எண்ணியிருக்கிறது.

1914இல் எல்லோருடைய நீளக் கத்திகளும் பிரான்சின் சேற்றுக்கு வந்து சேர்ந்தன. பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது அரை மீட்டர் ஊசி. அதற்கு ரோசலி என்று பெண் பெயர் வைத்துப் பாட்டுப் பாடினார்கள். ஜெர்மானியர் சிலரிடம் முதுகில் ரம்பப் பல் வைத்த பயனெட் இருந்தது. மரம் அறுக்க வைத்த பல் அது. ஆனால் சித்திரவதைக்காகவே செய்தது என்று எதிர்த்தரப்பில் பேச்சுப் பரவி, அதோடு பிடிபட்டவர்களை உயிரோடு விடமாட்டார்கள் என்ற பயமும் கிளம்ப, ஜெர்மன் ராணுவம் அவற்றைத் திரும்பப் பெற்றுப் பல்லைத் தேய்த்து எடுத்தது.

பதுங்குகுழி என்பது இரண்டு பேர் ஒட்டிக்கொண்டுதான் கடக்க முடிகிற சந்து. அதற்குள் ஐந்தடிக்கு மேல் நீளமான ஈட்டியைத் திருப்பிப் பாருங்கள். சுவரில் இடிக்கும், மண் மூட்டையில் சிக்கும். உள்ளே இறங்கியவர்கள் கையெறி குண்டையும் தடியையும் தீட்டிய மண்வெட்டியையும் நம்பினார்கள். பின்வரிசையிலோ, வைக்கோல் பொம்மையைக் குத்தும் பயிற்சி ஓயாமல் நடந்தது. பயனெட்டின் உணர்வு என்ற தலைப்பில் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றவே கேம்ப்பெல் என்ற அதிகாரி ஒருவர் இருந்தார்.

போர் முடிந்தபின் பிரிட்டிஷ் மருத்துவத் துறை ஒரு கணக்கெடுத்தது. மருத்துவ நிலையங்களுக்கு வந்த 2,12,659 காயங்களில் பீரங்கிக் குண்டாலும் மோர்ட்டாராலும் ஏற்பட்டவை நூற்றுக்கு 58.51. துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் 38.98. கையெறி குண்டு, வெடிகுண்டு 2.19. பயனெட் 0.32. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர். குத்துப்பட்டு அங்கேயே இறந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்படி எவ்வளவு கூட்டினாலும் அந்த எண் பெரிதாகிவிடாது.

இதை வைத்துப் பயனெட் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அது பூட்டும் ஓசை கேட்டால் எதிரே இருப்பவன் மனதில் என்ன நடக்கும் என்பதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பயனெட் பூட்டி ஓடிவரும் கூட்டத்தைக் கண்டு, குத்து விழுவதற்கு முன்பே இடத்தைக் காலி செய்தவர்கள்தான் அதிகம். குத்துகிற வேலையைவிட விரட்டுகிற வேலையைத்தான் அது செய்தது. அதற்குப் பதினேழு அங்குலம் தேவையா என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பிரிட்டிஷார் அடுத்த போருக்குள் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். மறு கோடிக்கு ஓடிய பதில். புதிய நம்பர் 4 துப்பாக்கிக்குக் கத்தியே வேண்டாம், எட்டு அங்குல முள் போதும் என்று முடிவாயிற்று. பிடி இல்லை, விளிம்பு இல்லை. குழாய் நுனியில் செருகி ஒரு திருகு திருகினால் நிற்கும். எடை ஏறக்குறைய 200 கிராம். முதல் வகையைச் செய்தது யார் தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் தையல் மெஷின் தொழிற்சாலை. நம் வீடுகளில் அம்மாக்கள் மிதித்த கறுப்புச் சிங்கர் மெஷின்களில் பல அங்கே பிறந்தவை. முதல் வகை முள்ளில் நாலு பக்கமும் பள்ளம் எடுத்து, வெட்டு முகம் சிலுவை போல இருக்கும். பள்ளம் எடுக்க நேரமாகிறது என்று அடுத்த வகையில் வெறும் உருண்டைக் கம்பி ஆக்கினார்கள். மூன்றாவது வகையில் தகட்டை வளைத்து ஒட்டவைத்தே வேலையை முடித்தார்கள். அதைச் செய்தது மோட்டார் விளக்கும் டைனமோவும் செய்த லூகாஸ் கம்பெனி. பின்னாளில் சென்னைப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் என்று நமக்கும் பழக்கமான பெயர்.

சிப்பாய்கள் அந்த முள்ளை வெறுத்தார்கள். பன்றி குத்தும் கம்பி என்று பெயர் வைத்தார்கள். ஒரு கயிறு அறுக்க முடியாது, ஒரு குச்சி சீவ முடியாது. கண்ணிவெடி தேடுவதற்கு மட்டும் அதைவிட நல்ல சாமான் கிடையாது. பூமியில் சாய்வாகச் செருகிக்கொண்டே போக வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் பட்டுவிடும், சாய்த்துக் குத்தினால் விலாவில் தட்டும்.

இந்திய ராணுவத்துக்கு இரண்டாம் உலகப் போரின் பெரும்பகுதியில் பழைய துப்பாக்கிதான். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதையே செய்துகொண்டிருந்தது. அதோடு அந்த முழக் கத்தியும் பர்மாக் காட்டுக்குப் போனது. மூங்கில் புதருக்குள் அது எவ்வளவு தொல்லை தந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இஷாப்பூர்க்காரர்கள் அதை வெட்டினார்கள். இருந்த கத்திகளின் நுனியை நறுக்கி, புது முனை எடுத்து, 12 அங்குலமாக்கினார்கள். பிறகு புதிதாகச் செய்தவற்றையும் அந்த நீளத்திலேயே செய்தார்கள். போர் நெருக்க நெருக்கப் பள்ளமும் போயிற்று, மெருகும் போயிற்று. கைப்பிடியை ஒட்டிய பட்டையான பகுதியில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளோடு, அரத்தின் கீறல்கள் அப்படியே தெரியும் முரட்டுக் கத்திகளை நான் பயிற்சிக் காலத்தில் கையாண்டிருக்கிறேன். பார்க்க அவலட்சணம். எனக்கு அவற்றின் மேல்தான் மரியாதை அதிகம். ஜப்பானைப் பார்த்து 1907இல் ஏற்றிய அந்த ஐந்து அங்குலத்தை, ஜப்பானோடு நேருக்கு நேர் நின்ற காட்டுக்காக, வங்காளத்துத் தொழிலாளிகள் கழற்றிப் போட்டார்கள்.

எதிரே ஜப்பானியரிடம் அதே 30ஆம் வகைக் கத்தி இன்னும் இருந்தது. அவர்கள் குறைக்கவில்லை. இலகு இயந்திரத் துப்பாக்கியில்கூட அதை மாட்டும்படி வைத்திருந்தார்கள். மூதாதையும் அதன் பிள்ளையும் பர்மாவில் எதிரெதிரே நின்றன.

என் பெரியப்பா அந்தக் காட்டில் இருந்தவர். குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருந்த காலம். அவர் மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பாலம் கட்டவும் பாதை போடவும் பர்மா போய், ஐராவதி கடந்து திரும்பியவர். நான் முதல் லீவில் வந்தபோது, ஆர்மரர் என்ற மிடுக்கில், "பெரியப்பா, பயனெட்டால எத்தனை பேரைக் குத்தியிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

அவர் கோபப்படவில்லை. திண்ணையில் வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒருத்தனையும் குத்தினதில்லடா. மூங்கில் வெட்டினேன். பால் டின்னு தொறந்தேன். ரோட்டுல மைன் தேடி மண்ணுல குத்திக்கினே மண்டி போட்டுப் போனேன், ஒரு நாளைக்கு நூறு கஜம். நம்ம பசங்க செத்தா குழி தோண்டவும் அதான். மண்வெட்டி எல்லார்கிட்டயும் இருக்காது."

கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல். "இவ்ளோதான் நீட்டம். அதுக்கு மேல இருந்தா மண்டி போட்டுக் குத்த முடியாது." நான் பயிற்சியில் அளந்த 12 அங்குலம் அது, விரல் பிசகாமல்.

போர் முடியும் தறுவாயில் வந்த நம்பர் 5 காட்டுத் துப்பாக்கிக்குப் பிரிட்டிஷாரே எட்டு அங்குலக் கத்தி கொடுத்தார்கள். கைப்பிடி உண்டு, வெட்டும் விளிம்பு உண்டு, கழற்றினால் நல்ல கத்தி. நீளத்துக்கு முள்ளின் அளவு, வேலைக்குக் கத்தியின் வடிவம். சிப்பாய்கள் கேட்டது அதைத்தான். அந்தக் கத்தி வடிவமே பிறகு நம்பர் 4 துப்பாக்கிக்கும், அதன் பிறகு எஸ்.எல்.ஆருக்கும் வந்தது. இஷாப்பூரில் செய்த எங்கள் எஸ்.எல்.ஆரின் எட்டு அங்குலம் அந்த வழியில் வந்ததுதான்.

அதற்குப் பிறகு வந்தவை இன்னும் கருவிப்பெட்டிப் பக்கம் சாய்ந்தன. ரஷ்யர்களின் ஏ.கே. துப்பாக்கிப் பயனெட்டில் ஒரு துளை உண்டு. உறையின் நுனியில் இருக்கும் குமிழில் அதை மாட்டினால் முள்கம்பி வெட்டும் கத்தரிக்கோல் ஆகிவிடும். 2010இல் அமெரிக்கத் தரைப்படை தன் அடிப்படைப் பயிற்சியிலிருந்து பயனெட் பாய்ச்சலையே எடுத்துவிட்டது. ஆனாலும் 1982இல் ஃபாக்லாந்திலும் 2004இல் ஈராக்கிலும் பிரிட்டிஷார் பயனெட் பூட்டிப் பாய்ந்திருக்கிறார்கள். குண்டு தீர்ந்துபோகிற, ஆள் நெருங்கிவிடுகிற அந்தக் கடைசிச் சில அடிகள் இருக்கும்வரை அது சிப்பாயின் இடுப்பில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

1971 டிசம்பர் 17ஆம் தேதி துப்பாக்கிகள் ஓய்ந்தன. சில நாள் கழித்துக் கோத்தில், அதாவது ஆயுத அறையில், எல்லாவற்றையும் எண்ணி வாங்கினோம். நான் சாணை பிடித்த பயனெட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. விளிம்பில் தகரக் கீறல்கள். வளையத்துக்குள் கெட்டித்த களிமண். சிலவற்றில் நுனி வளைந்திருந்தது, தோட்டாப் பெட்டியின் மூடியை நெம்பியதால். வராதவையும் இருந்தன, அந்த எண்களுக்கு எதிரே கோத் என்.சி.ஓ. எதுவும் பேசாமல் கோடு போட்டார்.

திருநெல்வேலிப் பையன் வந்தான். அவன் பயனெட்டில் நுனி அரை அங்குலம் உடைந்திருந்தது. பாறைத் தரையில் பதுங்குகுழி தோண்டினேன், முறிந்துவிட்டது என்றான். விதிப்படி பி.எல்.ஆர்., அதாவது எங்கள் கையில் சரிசெய்ய முடியாதது, என்று எழுதிக் கழிக்க வேண்டும். வேறு பயனெட் வந்து சேர எத்தனை நாளாகுமோ தெரியாது. படை இன்னும் எல்லையிலேயே இருந்தது. அவனைக் கல்லைச் சுற்றச் சொல்லி, தண்ணீரில் முக்கி முக்கி, புது முனை எடுத்தேன். நீலம் பாயவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தேன். ஏழரை அங்குலம். அவன் அதை உறையில் செருகிக்கொண்டு தன் கம்பெனிக்குப் போனான்.